தகரக் கூரைக்குள் சிக்னல்: பொருத்திய பின் அளந்து பார்த்தல்

நிறுவலுக்குப் பிந்திய சிக்னல் சோதனை என்பது, ஒரு வேலைத்தலத்தில் அன்டெனா, ரிப்பீட்டர், வை-ஃபை பெட்டி முதலியவற்றைப் பொருத்திய பிறகு, அங்கே ஆட்கள் நின்று வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலிருந்தும் பேச்சு போய்ச் சேருகிறதா, மறுபேச்சு திரும்பி வருகிறதா என்று அளந்து பார்ப்பதாகும். நகரத்து அலுவலகக் கட்டடத்தில் இது ஒரு மணி நேர வேலை. ஊவா மாகாணத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் அப்படி முடிவதில்லை. மலை, தகரம், இரும்பு இயந்திரம், ஈரக் கொழுந்து ஆகிய நான்கும் அங்கே அலையின் வழியில் நிற்கின்றன. அதனாலேயே இந்தச் சோதனையின் ஒவ்வொரு விதியும் எதற்காக வந்தது என்பதை அங்கே தெளிவாகப் பார்க்கலாம்.

மலையும் கோபுரமும்

இலங்கையில் கைத்தொலைபேசிச் சேவை 1989இல் செல்டெல் நிறுவனத்தோடு தொடங்கியது. டிஜிட்டல் முறையான ஜி.எஸ்.எம். சேவையை 1995இல் டயலொக் கொண்டுவந்தது. கோபுரங்கள் முதலில் நகரங்களையும் பெருந்தெருக்களையும் ஒட்டி எழுந்தன. மலைநாட்டில் கோபுரத்தின் எண்ணிக்கையை விட, அது எந்த முகட்டில் நிற்கிறது என்பதே முக்கியம். பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற நிலத்தில் இருக்கிறது. அருகே நமுனுகுல மலை 2000 மீற்றருக்கு மேல் எழுகிறது. ஹப்புத்தளை 1400 மீற்றர் அளவில் ஒரு மலைவிளிம்பில் நிற்கிறது. நேர்கோட்டில் 2 கிலோமீற்றர் தூரத்தில் கோபுரம் இருந்தும், நடுவில் ஒரு முகடு குறுக்கிட்டதால் சிக்னல் இல்லாத தோட்டங்கள் இப்படித்தான் உண்டாகின்றன.

முகடு குறுக்கிட்டால் அலை முற்றாக நின்றுவிடுவதில்லை. ஓரளவு வளைந்து மறுபக்கம் இறங்கும். 900 மெகாஹேட்ஸ் அலையின் நீளம் 33 சென்ரிமீற்றர், 1800 மெகாஹேட்ஸ் அலையின் நீளம் அதில் பாதி. நீண்ட அலை கூடுதலாக வளையும். பார்வைக் கோடு முகட்டின் உச்சியைத் தொட்டுச் சென்றாலே 6 டெசிபெல் இழப்பு ஏற்படும், அதாவது வலு கால்பங்காகிவிடும். முகடு அதற்கு மேல் உயர உயர இழப்பும் ஏறும்.

2021இல், கொவிட் காலத்தில் பள்ளிகள் மூடியிருந்தபோது, பதுளை மாவட்டத்தின் பொஹிட்டியாவ கிராமத்துப் பிள்ளைகள் இணையவழிப் பாடத்துக்காகக் காட்டு வழியே நடந்து ஒரு மலையுச்சிப் பாறைக்கு ஏறினார்கள். லுணுகலைப் பக்கத்தில் மலைமேல் மரக்குடில் ஒன்றே வகுப்பறையாயிற்று. உலகச் செய்திகளில் இடம்பிடித்த அந்தக் காட்சிக்குப் பின்னால் இருந்தது இந்த எளிய இயற்பியல்தான். முகட்டின் நிழலை விட்டு மேலே வந்தால் அலை கிடைக்கும்.

மூடுபனி சிக்னலைத் தின்றுவிடுகிறது என்று தோட்டங்களில் சொல்வதுண்டு. பனித் துளி ஒரு மில்லிமீற்றரில் நூற்றில் ஒரு பங்கு அளவே இருக்கும். 33 சென்ரிமீற்றர் அலைக்கு அது ஒரு தடையே அல்ல. அந்த நாட்களில் சிக்னல் குறைவதற்கு நனைந்த இலைகளும், மழைக்காற்றில் கிளை விழுந்து அறுந்த மின்கம்பியும் காரணமாக இருக்கலாம். கோபுரங்களைத் தம்முள் இணைக்கும் மிக உயர்ந்த அதிர்வெண் இணைப்புகளைப் பெருமழை பாதிப்பதும் உண்டு. சோதனைக் குறிப்பில் அன்றைய வானிலையை எழுதி வைப்பது, இந்தக் காரணங்களைப் பின்னால் பிரித்து அறிவதற்காகத்தான்.

ஸ்டோருக்குள் அலை படும் பாடு

தோட்டத்து மக்கள் ஸ்டோர் என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலை ஊவாவெங்கும் ஏறக்குறைய ஒரே வடிவம் கொண்டது. ஹப்புத்தளைக்கு அப்பால் 1890இல் தோமஸ் லிப்டன் கட்டிய தம்பேதென்ன தொழிற்சாலை போன்ற பழைய ஸ்டோர்களில் கீழ்த்தளத்தில் ரோலர்களும் டிரையர்களும் இருக்கும். மேல் மாடிகளில் கொழுந்து வாட்டும் இடம். இரும்புச் சட்டம், நாகம் பூசிய நெளிதகரம், மாடிகளில் வரிசை வரிசையாக ஜன்னல்கள் என்பதே பொதுவான அமைப்பு.

நாகம் பூசிய தகரத்துக்குள் 900 மெகாஹேட்ஸ் அலை புகக்கூடிய ஆழம், ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் நான்கு பங்கு. தகரத்தின் மேலுள்ள நாகப் பூச்சே அதைப்போலப் பலமடங்கு தடிப்பானது. ஆகவே அலை இரும்பை எட்டுவதற்குள் பூச்சிலேயே அடங்கிவிடுகிறது. தொழிற்சாலைக்குள் கிடைக்கிற சிக்னல் தகரத்தைத் துளைத்து வந்ததன்று. ஜன்னல், கதவு, தகரங்களுக்கு இடையிலுள்ள இடைவெளி ஆகியவற்றின் வழியாகக் கசிந்து வந்தது. அதனால்தான் வாட்டும் மாடியில் ஜன்னலோரம் நின்று பேச முடிகிறது, கீழே ரோலர் அறைக்கு இறங்கியதும் பேச்சு அறுந்துவிடுகிறது.

அடுத்த தடை கொழுந்து. பறித்த கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். வாட்டும் தொட்டியில் 1000 கிலோ கொழுந்தைப் பரப்பினால், அங்கே 750 கிலோவுக்கு மேற்பட்ட தண்ணீரைப் பரப்பியதற்குச் சமம். தண்ணீர் அலையை உறிஞ்சும். அதிர்வெண் கூடக்கூட உறிஞ்சுவதும் கூடும். எனவே 2400 மெகாஹேட்ஸில் இயங்கும் வை-ஃபை, 900 மெகாஹேட்ஸ் அலையை விட இதில் அதிகம் அடிபடும். மாலையில் நிறைந்த தொட்டி, காற்றோட்டத்தில் இரவு முழுவதும் வாடி, விடியுமுன் எடையில் ஏறத்தாழப் பாதியை இழக்கிறது. தொட்டியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும் அலைக்கு மாலையில் ஒரு பாதை, அதிகாலையில் வேறொரு பாதை. தொட்டிகள் வெறுமையாகக் கிடக்கும் விடுமுறை நாளில் எடுத்த அளவு இரண்டில் எதையும் காட்டாது.

அளவுகோல்

கைத்தொலைபேசித் திரையில் தெரியும் கோடுகள் அளவு அல்ல. எத்தனை டெசிபெல்லுக்கு எத்தனை கோடு என்பதற்குப் பொது நியதி கிடையாது. ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் விருப்பப்படி வைத்திருக்கிறார்கள். ஒரே இடத்தில் வைத்த இரண்டு போன்களில் ஒன்று இரண்டு கோடும் மற்றது நான்கு கோடும் காட்டுவது இதனால்தான்.

சோதனைக்குரிய அலகு டி.பி.எம். ஒரு மில்லிவாட் வலுவைப் பூச்சியம் என்று வைத்து, பத்து மடங்கு குறையும்போதெல்லாம் 10 கழிக்கப்படும். −90 டி.பி.எம். என்றால் ஒரு வாட்டில் இலட்சம் கோடியில் ஒரு பங்கு. அவ்வளவு நுண்ணிய வலுவிலும் போன் பேசும். அன்ட்ரொயிட் போன்களில் சிம் நிலை பற்றிய பக்கத்தில் இந்த எண் தெரியும்.

4ஜி வலையமைப்பில் போன் காட்டுவது பெரும்பாலும் முழு வலுவன்று, ஒரு துணை அலைக்கு உரிய பங்கு மட்டுமே. 10 மெகாஹேட்ஸ் அகலமுள்ள தடத்தில் 600 துணை அலைகள் இருப்பதால், இந்த எண் மொத்த வலுவை விட ஏறத்தாழ 28 டெசிபெல் குறைவாகத் தெரியும். அதனால் 4ஜி அளவையும் பழைய 2ஜி அளவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. 4ஜியில் −90ஐ விட மேலான அளவு நல்லது. −105 வரை பேச்சுக்குப் பெரும்பாலும் போதும். −115ஐத் தாண்டினால் அழைப்பு நிலைக்காது.

இரண்டாவது எண், சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் இடையிலான வித்தியாசம். ரிப்பீட்டர் பொருத்திய இடங்களில் இதுவே உண்மையைச் சொல்லும். ரிப்பீட்டர் தன் வெளி அன்டெனாவில் விழுவதையெல்லாம் பெருக்கும், இரைச்சலையும் சேர்த்துத்தான். வெளியே கலங்கலாக வந்தது உள்ளே உரத்த கலங்கலாகவே போகும். கோடுகள் நிறைந்திருந்தும் பேச்சு வெட்டி வெட்டி வருகிற இடங்களில் இந்த வித்தியாசம் பூச்சியத்துக்கு அருகே இருப்பதைக் காணலாம். அங்கே ரிப்பீட்டரின் வலுவைக் கூட்டுவது வீண். வெளி அன்டெனாவை இடம்மாற்றுவதோ, தெளிவான வேறொரு கோபுரத்தை நோக்கித் திருப்புவதோதான் வழி.

நடக்கத் தொடங்குமுன்

பொருத்துவதற்கு முன் எடுத்த அளவுகள் கையில் இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால், பொருத்தியதால் விளைந்த நன்மை எவ்வளவு என்று எவராலும் சொல்ல முடியாது. அடுத்துத் தேவைப்படுவது தளவரைபடம். ரோலர், டிரையர், சலிக்கும் இயந்திரம், தொட்டி, படிக்கட்டு எல்லாவற்றையும் அதில் குறிக்க வேண்டும். பெரிய இரும்பு இயந்திரத்தின் பின்புறம் அலைக்கு நிழல் விழும் இடம்.

ரிப்பீட்டர் இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது வெளி அன்டெனாவுக்கும் உள் அன்டெனாவுக்கும் இடையிலான பிரிப்பு. ரிப்பீட்டர் 70 டெசிபெல் பெருக்கினால் பிரிப்பு 85 டெசிபெல்லாவது இருக்க வேண்டும். குறைந்தால், ஒலிபெருக்கிக்கு முன் மைக்கைப் பிடித்தால் ஊளையிடுவதைப் போல ரிப்பீட்டரும் ஊளையிடும். அந்த ஊளை கோபுரம்வரை போய், சுற்றுவட்டாரத்தில் உள்ள எல்லோருடைய அழைப்பையும் கெடுக்கும். உள்ளே அலை வராமல் தடுத்த அதே தகரக் கூரை இங்கே துணைக்கு வருகிறது. வெளி அன்டெனா கூரைக்கு மேலும், உள் அன்டெனா கீழ்த்தளத்திலும் இருந்தால் பிரிப்பு எளிதாகக் கிடைக்கும். உள் அன்டெனாவை ஜன்னல் வரிசைக்கு அருகில் மாட்டினால் அந்தப் பயன் போய்விடும். வானொலிக் கருவிகளைப் பயன்படுத்துவதற்கு இலங்கைத் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி தேவை. அனுமதிப் பத்திரமும் கருவியின் அடையாள எண்ணும் சோதனைக் கோப்பின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நடந்து அளத்தல்

ஓர் இடத்தில் நின்று ஒருமுறை பார்க்கும் எண்ணுக்குப் பெறுமதி குறைவு. தகரத்திலும் இரும்பிலும் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, ஓரிடத்தில் வலுப்பெற்று, ஒரு சாண் தள்ளி ஒன்றையொன்று அழித்துவிடும். 900 மெகாஹேட்ஸில் 17 சென்ரிமீற்றர் நகர்ந்தாலே 20 டெசிபெல் விழக்கூடும். போனை ஒரு காதிலிருந்து மறுகாதுக்கு மாற்றினால் பேச்சு தெளிவது இதனால்தான்.

ஆகவே நடந்துகொண்டே அளக்க வேண்டும். வானொலிப் பொறியியலில் நெடுங்காலமாக வழங்கும் விதி, 40 அலைநீளத் தூரத்துக்குள் குறைந்தது 50 அளவுகள் எடுத்துச் சராசரி காண்பது. 900 மெகாஹேட்ஸில் அது ஏறத்தாழ 13 மீற்றர், ஒரு ரோலர் வரிசையின் ஓரமாக மெல்ல நடந்து முடிக்கும் தூரம். தளத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் சராசரியையும் மிகக் குறைந்த அளவையும் குறித்துக்கொள்வார்கள்.

அளக்கிறவரின் உடலும் ஒரு தடைதான். நெஞ்சுக்கு நேராகப் போனைப் பிடித்து அன்டெனாவுக்கு முதுகைக் காட்டினால் பல டெசிபெல் குறையும். எனவே ஒவ்வொரு பாதையையும் போய்த் திரும்பி, இரண்டு திசையிலும் அளப்பார்கள். தொழிலாளியின் போன் பெரும்பாலும் சட்டைப் பையிலோ இடுப்பு மடிப்பிலோ இருக்கும். அழைப்பு வருகிறதா என்பதை அந்த நிலையிலும் பார்க்க வேண்டும்.

நேரத்தைத் தேர்வதும் சோதனையின் ஒரு பகுதி. கொழுந்து நிறைந்த மாலையில் ஒருமுறை, ரோலர்கள் ஓடும் அதிகாலையில் ஒருமுறை என இரண்டு சுற்றாவது வேண்டும். கொழுந்து மிகுந்து வரும் பருவத்தில் செய்த சோதனை, கொழுந்து குறைந்த மாதத்துக்கும் செல்லும். குறைந்த மாதத்தில் செய்ததை வைத்து மிகுந்த பருவத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

பேசிப் பார்த்தல்

எண்கள் சரியாக இருந்தும் பேச்சு சரியில்லாமல் போவதுண்டு. கோபுரம் பல பத்து வாட் வலுவில் அனுப்புகிறது. 4ஜி போன் அதிகபட்சம் 0.2 வாட்டில் பதில் சொல்கிறது. கோபுரத்தின் குரல் போனுக்குக் கேட்டு, போனின் குரல் கோபுரத்தை எட்டாமல் போகும் இடங்கள் உண்டு. “நீங்கள் பேசுவது கேட்கிறது, நான் பேசுவது கேட்கிறதா?” என்று மறுபடி மறுபடி கேட்க வேண்டிய இடங்கள் அவை. திரையில் தெரியும் எண் கோபுரத்திலிருந்து வருவதை மட்டுமே காட்டும். ஆகவே ஒவ்வொரு முக்கிய இடத்திலிருந்தும் இரு திசைப் பேச்சையும் சோதிக்க வேண்டும். ஒருவர் உள்ளே நின்று எண்களையும் சில சொற்களையும் வாசிக்க, வெளியே இருப்பவர் கேட்டதை எழுதுவார். பிறகு இருவரும் இடம் மாறுவார்கள். தமிழிலும் சிங்களத்திலும் வாசிப்பது நல்லது. தொழிற்சாலையில் இரண்டு மொழியிலும் வேலை நடக்கிறது.

கேட்டவர் 1 முதல் 5 வரை புள்ளி கொடுப்பார். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்த முறை இது. 5 மிக நன்று, 1 மோசம். ரோலர் அறையில் புள்ளி குறைந்தால் உடனே சிக்னலைக் குறைசொல்லக் கூடாது. இயந்திர ஓசையே காதை மறைத்திருக்கலாம். இயந்திரத்தை நிறுத்தி ஒருமுறை, ஓட விட்டு ஒருமுறை பேசினால் பழுது எங்கே என்று புரியும். ஓசைதான் காரணம் என்றால், தேவைப்படுவது இன்னொரு அன்டெனா அன்று. மணியடிப்பதை விளக்கொளியால் காட்டும் கருவியும் காதை மூடும் ஹெட்செட்டும்தான்.

வை-ஃபை வழியாகப் பேசும் அமைப்பில் வேறு சில அளவுகளும் உண்டு. பேச்சுக்கு −67 டி.பி.எம். அளவாவது வேண்டும் என்பது துறையில் வழங்கும் நியதி. அனுப்பிய தரவுப் பொட்டலங்களில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் தொலையக் கூடாது. ஒரு திசைத் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருக்க வேண்டும். 2400 மெகாஹேட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். அடுத்தடுத்த பெட்டிகள் ஒரே தடத்தில் இருந்தால் ஒன்றையொன்று கெடுக்கும். தேநீர் அறையில் உள்ள மைக்ரோவேவ் அடுப்பும் இதே பட்டையில் இரைச்சல் எழுப்புகிறது. அதை ஓட விட்டும் சோதிக்க வேண்டும்.

நடமாட்டச் சோதனை கடைசியில் வரும். பேசிக்கொண்டே கொழுந்து நிறுக்கும் இடத்திலிருந்து ஸ்டோர் வாசலைக் கடந்து, ரோலர் அறை வழியாக மாடியேறி வாட்டும் இடம்வரை போக வேண்டும். வெளிக் கோபுரத்திலிருந்து உள் அன்டெனாவுக்கு, ஒரு வை-ஃபை பெட்டியிலிருந்து மற்றதற்கு என அழைப்பு கைமாறும் இடங்களில்தான் அது பெரும்பாலும் அறுகிறது. வாசலும் படிக்கட்டும் அப்படிப்பட்ட இடங்கள். தொழிலாளர்கள் வெவ்வேறு நிறுவனங்களின் சிம்களை வைத்திருப்பார்கள். ஒரு ரிப்பீட்டர் ஒரு நிறுவனத்தின் அலைப்பட்டையை மட்டும் பெருக்கக்கூடும் என்பதால், எல்லாச் சிம்களையும் கொண்டு இந்த நடையைத் திருப்பிச் செய்ய வேண்டும்.

மின்சாரம் போன நேரம்

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு, தொழிலாளர் குடியிருப்புகளான லயன்களை மூடியது. ஊவாவில் மழை வலுத்தால் மண்சரிவு எச்சரிக்கை வரும். மலையில் கொழுந்து பறிப்போருக்குக் குளவிக் கொட்டு அன்றாட ஆபத்து. 2016இல் தொடங்கிய 1990 இலவச அம்புலன்ஸ் சேவை, ஒரு போன் அழைப்பு போய்ச் சேர்ந்தால்தான் புறப்படும். இத்தகைய நேரங்களில் மின்சாரம் இருக்கும் என்று சொல்ல முடியாது.

அதனால் சோதனையின் ஒரு கட்டத்தில் ரிப்பீட்டருக்கும் வை-ஃபைக்கும் போகும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மாற்று பற்றரியில் அவை எவ்வளவு நேரம் ஓடுகின்றன என்று பார்க்க வேண்டும். பற்றரி இறங்கும்வரை பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழைத்துப் பார்த்து நேரத்தைக் குறிப்பார்கள். மின்சாரம் திரும்பியதும் கருவிகள் தாமாகவே இயங்கத் தொடங்குகின்றனவா என்பதும் பதிவாக வேண்டும். அவசர இலக்கங்களை முன்னறிவிப்பின்றி அழைத்துப் பார்ப்பது முறையன்று. உண்மையில் ஆபத்தில் இருப்பவருக்குரிய நேரத்தை அது எடுத்துக்கொள்ளும். சேவை நிலையத்தோடு முன்கூட்டியே பேசி, குறித்த நேரத்தில் ஒரேயொரு அழைப்பு எடுத்தால் போதும்.

முடிவைப் படித்தல்

அளவுகள் தளவரைபடத்தில் நிறங்களாக மாறும். வழக்கமான நிபந்தனை, நூற்றுக்கு 95 கட்டங்களில் குறித்த அளவு கிடைக்க வேண்டும் என்பது. 200 கட்டம் கொண்ட தொழிற்சாலையில் 190 தேறினால் சோதனை தேறியதாகும். மீதிப் பத்துக் கட்டங்கள் எங்கே கிடக்கின்றன என்பதை இந்த விகிதம் சொல்லாது. பத்தும் ஆங்காங்கே சிதறிக் கிடந்தால், ஓர் அடி நகர்ந்து பேசிக்கொள்ளலாம். பத்தும் டிரையர் அடுப்புக்கு விறகு போடும் மூலையில் சேர்ந்து கிடந்தால், இரவு முழுக்கத் தனியாக அங்கே நிற்கும் தொழிலாளிக்குச் சிக்னலே இல்லை. எனவே ஆள் தனித்து நிற்கும் இடங்களை விகிதக் கணக்கிலிருந்து பிரித்தெடுத்து, அவை ஒவ்வொன்றும் தேற வேண்டும் என்று நிபந்தனை வைப்பதே சரியான முறை.

அறிக்கையில் திகதி, நேரம், வானிலை, தொட்டிகளில் இருந்த கொழுந்தின் அளவு, ஓடிய இயந்திரங்கள், பயன்படுத்திய போன் வகை, சிம் நிறுவனம் ஆகியவை இடம்பெற வேண்டும். புதிய இயந்திரம் வந்தாலும், கூரைத் தகரம் மாறினாலும், தடுப்புச் சுவர் எழுந்தாலும், தொலைபேசி நிறுவனம் கோபுரத்தை மாற்றியமைத்தாலும் பாதிக்கப்பட்ட பகுதியை மீண்டும் அளக்க வேண்டும். சலிக்கும் அறையில் உள்ள கருவிகளின் காற்றுத் துவாரங்களைத் தேயிலைத் தூசு அடைத்து, கருவி சூடேறிப் பழுதாவதுண்டு. அவற்றைத் துடைத்துச் சுத்தம் செய்யும் நாளில் அந்த அறையின் கட்டங்களை ஒருமுறை நடந்து அளந்து, பழைய எண்களுக்குப் பக்கத்தில் புதியவற்றை எழுதி வைக்க வேண்டும்.